தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை

காது கேளாத ஒருவரிடம் டாக்டர் ஐந்து நிமிடம் பேசுகிறார். அவர் தலையாட்டுகிறார். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் மறுபடியும் தலையாட்டுகிறார். வெளியே வந்ததும் "டாக்டர் என்ன சொன்னார்?" என்று சைகையில் கேட்டுப் பாருங்கள். மாத்திரையின் நிறம் தெரியும். எத்தனை நாள் என்பது தெரியாது. "புரியவில்லை" என்று காட்டிய போதெல்லாம் எதிரில் இருந்தவர் சலித்துக்கொண்டதைச் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியவர் அவர். தலையாட்டினால் அந்த இடத்தை விட்டு மரியாதையோடு வெளியே வந்துவிடலாம் என்பது அவருடைய அனுபவப் பாடம்.

உதவி ஒருங்கிணைப்பு என்றால் ஒருவருக்குத் தேவையான சிகிச்சை, கருவி, மொழிபெயர்ப்பாளர், படிப்பு, வேலை, அரசுச் சலுகை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோத்து, நடுவில் எதுவும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது. பேச்சிலும் கேட்பதிலும் சிரமம் உள்ளவர்களுக்கு இந்த வேலை செய்யும்போது ஒரு விஷயம் மறுபடி மறுபடி தெரியவரும். பல இடங்களில் சேவை இருக்கும், அப்பாயின்ட்மென்ட் கிடைத்திருக்கும், ஆள் போயும் இருப்பார். அந்த அறைக்குள் இரண்டு பக்கமும் பேச்சு போய்ச் சேர்ந்திருக்காது. போய் வந்த நாள் கணக்கில் ஏறும், பலன் ஏறாது. அதனால் ஒருங்கிணைப்பாளர் முதலில் ஏற்பாடு செய்ய வேண்டியது பேச்சுக்கான வழியைத்தான். மற்றதெல்லாம் அதன் பிறகு.

முதல் சந்திப்பில் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு. நம்மிடம் உதவிக்கு வந்திருக்கும் இவர் 'ஆமாம்' என்பதை எப்படிச் சொல்கிறார், 'இல்லை' என்பதை எப்படிச் சொல்கிறார், 'புரியவில்லை' என்பதை எப்படிச் சொல்கிறார், 'போதும், நிறுத்துங்கள்' என்பதை எப்படிச் சொல்கிறார். கூட வந்தவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு போய்விடாதீர்கள், சோதித்துப் பாருங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சிழந்த சிலருக்கு, மனதில் 'இல்லை' இருக்கும், வாயில் 'ஆமாம்' வந்துவிடும். விடை நமக்குத் தெரிந்த ஆறு கேள்விகள் போதும்: மூன்றுக்கு ஆமாம், மூன்றுக்கு இல்லை, கலந்து கேட்க வேண்டும். "இப்போது உட்கார்ந்திருக்கிறீர்களா?" என்று கேட்டு, கொஞ்சம் கழித்து "இப்போது படுத்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றால் வாய்வார்த்தையை நம்பி எந்தக் கையெழுத்தும் வாங்கக் கூடாது. அதையே தாளில் 'ஆமாம்', 'இல்லை' என்று பெரிதாக எழுதி விரலால் தொடச் சொன்னால் பலருக்கு விடை சரியாக வரும். எந்த வழியில் சரியாக வருகிறதோ, அதுதான் இவருடைய வழி.

எல்லோரையும் 'காது கேளாதவர்' என்று ஒரே பெட்டியில் போடுவதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. சைகை மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். நாற்பது, ஐம்பது வயதில் கேட்கும் திறன் போனவருக்குச் சைகை தெரியாது; அவருக்குப் பேச்சை உடனுக்குடன் எழுத்தாகக் காட்டும் வசதி வேண்டும். ஓரளவு கேட்கும், காது மெஷின் வைத்திருக்கிறார் என்றால் அமைதியான அறையும் முகம் தெரியும் வெளிச்சமும் வேண்டும். இன்னொரு பிரிவினரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. குழந்தைப் பருவத்தில் பேச்சும் வரவில்லை, சைகை மொழியும் யாரும் கற்றுத்தரவில்லை, வீட்டுச் சைகைகளோடு மட்டும் வளர்ந்தவர்கள். இவர்களுக்குக் காது கேட்கும் மொழிபெயர்ப்பாளர் மட்டும் வந்தால் போதாது. காது கேளாதவர்களிலேயே மொழிபெயர்ப்பாளராகப் பயிற்சி பெற்றவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரையும் சேர்த்து இருவராக அழைக்க வேண்டும். ஒருவர் பேச்சைச் சைகை மொழியாக்க, மற்றவர் அதைப் படம், நடிப்பு, வீட்டுச் சைகை என்று இவருக்கு எட்டும் விதத்தில் கொண்டுசேர்ப்பார். நேரம் இரண்டு மடங்கு ஆகும். அந்த நேரத்தை முன்கூட்டியே கேட்டு வாங்குவது ஒருங்கிணைப்பாளரின் வேலை.

"எழுதிக் காட்டினால் போதாதா?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. சிலருக்குப் போதும். ஆனால் சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. அதில் வளர்ந்தவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. ஆஸ்பத்திரிச் சீட்டில் "காலையில் சாப்பிடாமல் வரவும்" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'காலை' தெரிகிறது, 'சாப்பிட' தெரிகிறது, 'வர' தெரிகிறது. 'வேண்டாம்' என்ற பொருள் 'சாப்பிடாமல்' என்ற சொல்லின் வாலில் ஒளிந்திருக்கிறது. காதால் லட்சம் முறை கேட்டு வளர்ந்தவருக்கு அந்த வால் தானாகவே பிடிபடும். கண்ணால் மட்டும் படித்தவருக்குச் சொல்லின் தலைதான் கண்ணில் படும். அவர் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்து நிற்பார், பரிசோதனை தள்ளிப்போகும், "சொல் பேச்சு கேட்கமாட்டார்" என்று பெயரும் வரும். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் உடைத்து எழுதுங்கள்: "காலை: சாப்பாடு வேண்டாம். காபி வேண்டாம். 9 மணி: ரத்தப் பரிசோதனை. முடிந்த பிறகு: சாப்பிடலாம்." நடக்கும் வரிசையில், ஒரு வரிக்கு ஒரு செய்தி. இல்லை என்பதைத் தனிச்சொல்லாக நிறுத்துங்கள்.

வாய் அசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார் என்ற நம்பிக்கையும் இப்படித்தான். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'படி' என்று சொல்லிப் பாருங்கள், பிறகு 'மடி' என்று சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். 'பாலை', 'மாலை' இரண்டும் அப்படியே. ல, ள, ழ வேறுபாடு முழுக்க நாக்கில், வாய்க்குள்ளே நடக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. மிச்சத்தை அவர் சூழலை வைத்து ஊகிக்கிறார். பழக்கமான பேச்சில் ஊகம் பலிக்கும். புது நோயின் பெயரிலோ வட்டிக் கணக்கிலோ ஊகிக்க எதுவும் கிடையாது. இதில் முகக்கவசமும், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசும் பழக்கமும் சேர்ந்தால் முற்றிலும் அடைபட்டுவிடும்.

மொழிபெயர்ப்பாளரைப் பதிவு செய்வதற்கு வருவோம். "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஒருவர் வேண்டும்" என்று சொல்வது பதிவு ஆகாது. தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடத்தின் முழு முகவரியோடு எந்த மாடி எந்த அறை, எதைப் பற்றிய பேச்சு, யார் யார் இருப்பார்கள், இவர் எந்தச் சைகை மொழி பயன்படுத்துகிறார், ஆணா பெண்ணா என்ற விருப்பம், இவருக்கு வேண்டாம் என்று சொன்ன மொழிபெயர்ப்பாளர் யாராவது உண்டா என்பது வரை சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்னதைச் சிறிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காது கேளாதோர் சமூகம் சின்னது. மகப்பேறு மருத்துவர் அறையில் வந்து நிற்கும் அதே ஆள் மறுநாள் உறவினர் கல்யாண வீட்டில் எதிரே உட்கார்ந்திருக்கலாம். பேசப்போகும் தாள்கள் ஏதாவது இருந்தால் முன்கூட்டியே அனுப்புங்கள். அறுவை சிகிச்சையின் பெயரை அந்த இடத்தில் முதன்முதலாகக் கேட்கும் மொழிபெயர்ப்பாளர் அதைச் சைகையாக்கத் திணறுவார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் சந்திப்பு, அல்லது நீதிமன்றம், பயிற்சி வகுப்பு போல விடாமல் பேச்சு ஓடும் இடம் என்றால் இரண்டு பேர் வேண்டும். இருவரும் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். "ஏன் இரண்டு பேருக்குச் சம்பளம்?" என்று கணக்குப் பார்ப்பவர்களிடம் காரணத்தைச் சொல்லுங்கள்: ஒரு மொழியைக் கேட்டுக்கொண்டே இன்னொரு மொழியில் சொல்லும்போது மூளை சீக்கிரம் களைத்துவிடும். முதலில் தவறுவது எண்களும் பெயர்களும்தான். தவறியது அவருக்கே தெரியாது. சும்மா இருப்பதுபோல் தெரியும் இரண்டாமவர் விட்டுப்போனதை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

இருக்கையையும் நீங்களே பார்த்துப் போடுங்கள். மொழிபெயர்ப்பாளர் பேசுகிறவரின் பக்கத்தில், அரை அடி பின்னால். அப்போதுதான் இவரால் டாக்டரின் முகத்தையும் சைகையையும் ஒரே பார்வையில் பார்க்க முடியும். ஜன்னல் மொழிபெயர்ப்பாளரின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் கை வெறும் நிழலாகத்தான் தெரியும், இடம் மாற்றுங்கள். பேசுகிறவர் இவரைப் பார்த்தே பேச வேண்டும். "அவர்கிட்ட கேளுங்க" என்று மொழிபெயர்ப்பாளரிடம் சொல்ல ஆரம்பித்தால், அந்த நொடியிலேயே குறுக்கிட்டுத் திருத்துவது நல்லது. ஐந்து நிமிடம் போனால் பழக்கமாகிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகு எல்லாம் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. அப்பாயின்ட்மென்ட் தேதி மாறும், மொழிபெயர்ப்பாளருக்கு யாரும் சொல்லமாட்டார்கள். நான் அறிந்தவரை மற்ற எல்லாக் காரணங்களையும் விட இதனால்தான் அதிகம் பாழாகிறது. முந்தின நாள் மதியத்துக்குள் மூன்று பேருக்கும் தனித்தனியாகச் செய்தி அனுப்பி, பதில் வந்ததா என்று பாருங்கள்: இவருக்கு, மொழிபெயர்ப்பாளருக்கு, அந்த அலுவலகத்துக்கு.

வீடியோ வழியாக மொழிபெயர்ப்பு கிடைப்பது அவசரத்துக்கு நல்ல வசதி. ஆனால் படுத்திருக்கும் நோயாளி, பார்வை மங்கியவர், சின்னக் குழந்தை, நான்கு பேர் ஒரே சமயத்தில் பேசும் கூட்டம் இவற்றுக்கு ஒத்துவராது. திரை சின்னது, படம் உறையும் ஒவ்வொரு தடவையும் ஒரு வாக்கியம் போய்விடும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது நர்ஸிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: டிரிப்ஸ் ஊசியைச் சைகைக்கு அதிகம் பயன்படுத்தாத கையில் போடச் சொல்லுங்கள். வலது கையில் ஊசியைக் குத்தி அட்டை வைத்துக் கட்டிவிட்டால், பேசுகிறவர் வாயில் துணியை அடைத்தது மாதிரிதான்.

வீட்டில் இருப்பவர்களே மொழிபெயர்த்துவிடட்டும் என்ற ஏற்பாட்டை நான் கூடியவரை தடுப்பேன். பாசமில்லை என்பதல்ல காரணம். பாசம் இருப்பதாலேயே "அம்மாவுக்கு இது தெரிந்தால் தாங்கமாட்டாள்" என்று மகள் பாதியை முழுங்கிவிடுவாள். டாக்டர் மூன்று நிமிடம் பேசியதை அண்ணன் "ஒண்ணுமில்ல, மாத்திரை சாப்பிடு" என்று முடிப்பார். குழந்தைகளை இந்த வேலைக்கு எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. பத்து வயதுப் பையன் தன் தாயின் புற்றுநோயை அவளுக்கு மொழிபெயர்க்க வேண்டிய நிலை எந்த வீட்டிலும் வரக் கூடாது. வீட்டுக்குள் அடி உதை இருந்தால், அடிப்பவரே மொழிபெயர்ப்பாளராக வந்து நிற்கும் ஆபத்தும் இருக்கிறது. அதனால் ஒவ்வொருவரோடும் ஒருமுறையாவது குடும்பத்தார் இல்லாமல், வெளி மொழிபெயர்ப்பாளரோடு தனியாகப் பேசியாக வேண்டும்.

காது மெஷினைப் பற்றிச் சுருக்கமாக. மூக்குக் கண்ணாடி போட்டால் பார்வை தெளிவதுபோல் மெஷின் போட்டால் பேச்சு தெளிந்துவிடாது. சத்தம் கூடும், மின்விசிறிச் சத்தமும் சேர்ந்தே கூடும். ஒன்றிரண்டு மீட்டருக்குள் நின்று பேசினால்தான் பயன். "மெஷின் வேலை செய்யவில்லை" என்றதும் கடைக்கு ஓடுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: பேட்டரி, குழாயில் அழுக்கோ நீர்த்துளியோ அடைத்திருக்கிறதா, அச்சு (காதின் அளவுக்கு வார்த்து உள்ளே பொருத்தும் பகுதி) காதில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா. கீச்சென்று விசிலடித்தால் பெரும்பாலும் அச்சு தளர்ந்திருக்கும், இல்லையென்றால் காதில் அழுக்கு சேர்ந்திருக்கும். குழந்தைகளுக்குக் காது வளர வளர அச்சு மாற்ற வேண்டும். பேட்டரியின் அளவு எண்ணையும் அட்டையின் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். பேட்டரியில் ஒட்டியிருக்கும் தாளை உரித்ததுமே காற்றுப் பட்டு அது வேலை செய்யத் தொடங்கிவிடும். மறுபடி ஒட்டினாலும் நிற்காது. காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) வைத்தவருக்கு உள்ளே காந்தம் இருக்கும். எம்ஆர்ஐ (பலமான காந்தத்தை வைத்து எடுக்கும் ஸ்கேன்) எடுக்கச் சீட்டு வந்தால் முதல் வேலையாக அதைச் சொல்லி, இம்ப்ளான்ட் அட்டையைக் காட்ட வேண்டும்.

பேச்சு வராத, ஆனால் கேட்கவும் புரியவும் முடிகிறவர்களுக்கு வேறு ஏற்பாடு. பெருமூளை வாதம், நரம்புச் சிதைவு நோய்கள், ஆட்டிசம் என்று காரணம் எதுவாக இருந்தாலும், பேசும் கருவி வைத்திருந்தாலும், சொல்ல வேண்டியதைத் தொட்டுக் காட்டப் படங்களும் சொற்களும் உள்ள ஒரு காகிதப் பலகை பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். கருவிக்குச் சார்ஜ் போகும், வெயிலில் திரை தெரியாது, ரிப்பேருக்கு அனுப்பினால் வாரக்கணக்கில் வராது. பலகையில் சாப்பாடு, தண்ணீர், பாத்ரூம் படங்கள் மட்டும் போட்டு முடித்துவிடுகிறார்கள். 'நிறுத்து', 'வேண்டாம்', 'நான் சொல்ல வந்தது அது இல்லை', 'வேறு ஏதோ', உடம்பின் எல்லாப் பாகங்களின் பெயரும், 'என்னை ஒருவர் தொந்தரவு செய்கிறார்' என்பதும் இருக்க வேண்டும். பலகையில் இல்லாத புகாரை ஒருவரால் சொல்லவே முடியாது.

எழுத்துக் கூட்டத் தெரிந்தவருக்கு, தமிழில் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலத்துக்கு 26 எழுத்தை ஒரு பலகையில் அடக்கிவிடலாம். 247 எழுத்தை அடக்கினால் எழுத்து எறும்பு அளவுக்குப் போய்விடும், கண்ணால் குறிபார்க்கவே முடியாது. நம் இலக்கணமே இதற்கு வழி வைத்திருக்கிறது. துணையாள் கேட்டுக்கொண்டே போக, இவர் கண் சிமிட்டியோ விரல் அசைத்தோ நிறுத்தினால் போதும். முதல் கேள்வி: "உயிரா, வல்லினமா, மெல்லினமா, இடையினமா?" மெய் என்றால் அந்த இனத்தின் ஆறு எழுத்துகள் மட்டும். அடுத்து: "புள்ளியா, குறிலா, நெடிலா?" குறில் என்றால் ஐந்து, நெடில் என்றால் ஏழு. 'தண்ணி' என்று சொல்ல வருகிறார் என்று வையுங்கள். வல்லினத்தில் நிறுத்துகிறார்; க, ச, ட, த என்று வரும்போது நாலாவதில் சிமிட்டுகிறார்; குறில், அ. 'த' வந்தாயிற்று. மெல்லினம், ங, ஞ, ண, புள்ளி. 'தண்' என்றதும் நமக்கே தெரிந்துவிடும். ஆனால் நாமாக முடித்துவிடாமல் "தண்ணியா?" என்று கேட்டு, ஆமாம் வந்த பிறகுதான் எழுத வேண்டும். அவர் சொல்ல வந்தது 'தண்டுவடம்' என்று இருக்கலாம். எங்கே இருக்கிறோம் என்று மறந்துபோகாமல், வந்த எழுத்துகளை ஒரு தாளில் எழுதி அவர் கண்ணில் படும்படி வையுங்கள். ஜ, ஷ, ஸ, ஹ நான்குக்கும் கடைசியில் ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். பெரும்பாலோர் இரண்டு, மூன்று நொடியில் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். பத்து நொடி மனதுக்குள் எண்ணுங்கள். நீளமாகத்தான் தோன்றும். அந்தப் பத்து நொடிக்குள் வந்து விழும் விடைகள் பல. திக்கிப் பேசுகிறவருக்கும் இதேதான். அவருடைய வாக்கியத்தை நாம் முடித்துக் கொடுப்பது உதவி அல்ல. பக்கவாதம் வந்து பேச்சிழந்தவர்களுக்குக் களைப்பு சேரச் சேரச் சொற்கள் நழுவும். முக்கியமான பேச்சைக் காலையில் வையுங்கள்.

கண்ணும் காதும் இரண்டும் குறைந்தவர்களோடு பழகும்போது தோளிலோ மேற்கையிலோ மெதுவாகத் தொட்டு, அவர் கை உங்கள் கையைத் தேடி வரும்வரை நில்லுங்கள். நடுவில் எழுந்து போக வேண்டியிருந்தால் சொல்லிவிட்டுப் போங்கள். இல்லையென்றால் அவர் காற்றோடு பேசிக்கொண்டிருப்பார். பக்கப் பார்வை சுருங்கி, நடுப்பார்வை மட்டும் மிஞ்சியவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் கிட்டே உட்காரக் கூடாது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, மார்புக்கு முன்னால் சின்ன வட்டத்துக்குள் சைகை செய்ய வேண்டும்.

எந்த விண்ணப்பத்திலும் தொலைபேசி எண் என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே எண்ணை மட்டும் எழுதினால் அலுவலகத்திலிருந்து அழைப்பார்கள். மணி அடிக்கும், எடுக்க ஆள் இல்லை. மூன்று முறைக்குப் பிறகு "தொடர்புகொள்ள முடியவில்லை" என்று கோப்பை மூடிவிடுவார்கள். எண்ணுக்குப் பக்கத்திலேயே "குறுஞ்செய்தி அல்லது வீடியோ அழைப்பு மட்டும்" என்று எழுதுங்கள். இடம் இல்லாவிட்டால் பெயர்க் கட்டத்தின் மேலேயே எழுதுங்கள். தம்பியின் எண்ணைக் கொடுத்து வைப்பது எளிதுதான், ஆனால் அன்றிலிருந்து எல்லாச் செய்தியும் தம்பிக்குத்தான் போகும்.

ஒப்புதல் கையெழுத்து வாங்கும் இடத்தில் "புரிந்ததா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். "வீட்டுக்குப் போய் அண்ணியிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்? எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அவர் சைகையில் சொல்லும்போது எங்கே விட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த இடத்தை மட்டும் மறுபடி விளக்கினால் போதும். யாராவது "இவருக்கு என்ன தெரியும், அப்பாவே கையெழுத்துப் போடட்டும்" என்றால், 2006-ல் ஐநா பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவை எடுத்துக் காட்டலாம். சட்டத்தின் முன் தன் முடிவைத் தானே எடுக்கும் உரிமை எல்லோருக்கும் சமம், அதற்குத் தேவையான உதவியைச் செய்ய வேண்டியது அரசு என்கிறது அது. 21-ஆவது பிரிவு அரசு அலுவல்களில் சைகை மொழி, பிரெய்ல், மாற்றுத் தொடர்பு வழிகள் இவற்றை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது.

இதுவரை சொன்னதில் இவருக்கு எது பொருந்துமோ அதை ஒரே பக்கத்தில் எழுதி, அவரையே படிக்கவோ பார்க்கவோ வைத்துத் திருத்துங்கள். ஆமாம், இல்லை எப்படி, எந்த மொழி, எந்தப் பக்கம் நின்று பேச வேண்டும், எந்தக் கையில் ஊசி வேண்டாம், யாரிடம் எந்த விஷயம் சொல்லலாம், யாரிடம் கூடாது. இரண்டாவது பக்கம் போனால் யாரும் திருப்பிப் பார்க்கமாட்டார்கள். மொழிபெயர்ப்பாளரைப் பதிவு செய்யும் செய்தியை முதல் தடவை நீங்கள் அனுப்புங்கள், அடுத்த தடவை அவர் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் சேர்ந்து அனுப்புங்கள், மூன்றாவது தடவை அவரே அனுப்பட்டும். தாளின் மேல் மூலையில் தேதி போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய உடனேயும் அதை மறுபடி பார்த்துத் திருத்துங்கள். புதியது வந்ததும் பழைய பிரதிகளை எல்லா இடத்திலிருந்தும் திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள். இரண்டும் கையிருப்பில் இருந்தால் வார்டில் போய் மாட்டிக்கொள்வது பழையதாகத்தான் இருக்கும்.